வீட்டு மெக்கானிக்: ஆரஞ்சு லைட் ஏன் அணையவில்லை?

வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்றாவது மாடியில் இருக்கும் மருமகள் நான்கு வருடங்களாக வீட்டிலேயே கேக் செய்து விற்கிறார். பிறந்தநாள் கேக், ரஸ்க், தேங்காய் பிஸ்கட். டிசம்பர் வந்தால் பிளம் கேக். சமையல் மேடைக்கு அடியில் மரக் கேபினெட்டுக்குள் பொருத்தியிருக்கும் பில்ட்-இன் எலெக்ட்ரிக் ஓவன்தான் அவருடைய தொழிற்சாலை. வீட்டை வாங்கும்போதே மாடுலர் கிச்சனோடு சேர்ந்து வந்தது. வயது பன்னிரண்டு.

போன தீபாவளி முடிந்த வாரத்தில் தொல்லை ஆரம்பித்தது. கேக்கின் அடி கருகியது. மேல் பக்கம் குன்று மாதிரி எழும்பி வெடித்தது. கத்தியை விட்டுப் பார்த்தால் நடுவில் மாவு ஈரமாகவே ஒட்டியது. அவர் முட்டையைச் சந்தேகப்பட்டார். பேக்கிங் பவுடரை மாற்றினார். மைதாவை வேறு கடையில் வாங்கினார். அடியில் பட்டர் பேப்பரை இரண்டு மடிப்பாகப் போட்டுப் பார்த்தார். பத்து நாள் இப்படியே போனது. இரண்டு ஆர்டருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

ஓவன் மேல் மட்டும் சந்தேகம் வரவில்லை. சூடாகாத ஓவனைத்தானே நாம் பழுது என்று நினைப்போம்? அளவுக்கு மீறிச் சூடாகும் ஓவன், நன்றாக வேலை செய்யும் ஓவன் மாதிரியேதான் தெரியும்.

கண்டுபிடித்தது மாமியார். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் சொன்னார். "ஏம்மா, முன்னெல்லாம் அந்த ஆரஞ்சு லைட்டு கண்ணடிச்சுக்கிட்டே இருக்கும். இப்ப நாலஞ்சு நாளா முழிச்ச கண்ணு மூடாம இருக்கே?"

"அது ஓவன் ஓடுதுன்னு காட்டற லைட்டு அத்தை."

"அப்ப முன்னெல்லாம் ஏன் அணைஞ்சு அணைஞ்சு எரிஞ்சுது?"

மருமகளிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நாப் வைத்த பழைய வகை ஓவன்களில் பெரும்பாலும் ஆரஞ்சு அல்லது சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன விளக்கு இருக்கும். உள்ளே ஹீட்டருக்குக் கரன்ட் போகும்போது எரியும். வைத்த சூடு வந்ததும் அணையும். சூடு கொஞ்சம் இறங்கினால் மறுபடி எரியும். அணையவே இல்லை என்றால் ஹீட்டர் ஓய்வில்லாமல் எரிகிறது என்று பொருள். அதை நிறுத்த வேண்டிய தெர்மோஸ்டாட் தன் வேலையைச் செய்யவில்லை.

தெர்மோஸ்டாட் நமக்குப் புதியதல்ல. இஸ்திரிப் பெட்டியில் இருக்கிறது. சூட்டில் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டை அது. வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். ரைஸ் குக்கரில் இருக்கிறது. தண்ணீர் வற்றி, பாத்திரத்தின் அடி 100 டிகிரியைத் தாண்டியதும் காந்தம் பிடியை விட்டு 'டக்'கென்று கீழே இறங்கும். ஓவனில் இருப்பது வேறு மாதிரி. ஓவன் அறைக்குள் மேல் மூலையிலோ பின்சுவரிலோ, பென்சிலைவிட ஒல்லியான ஓர் உலோகக் குச்சி கிளிப்பில் மாட்டியிருக்கும். அதற்குள் திரவம். அந்தக் குச்சியிலிருந்து கம்பி மாதிரி மெல்லிய குழாய் ஒன்று பின்பக்கமாக வெளியேறி, முன்னால் நீங்கள் திருகும் நாப்புக்குப் பின்னே இருக்கும் சின்னப் பெட்டியில் போய்ச் சேரும். சூடு ஏறினால் திரவம் விரியும், பெட்டிக்குள் ஒரு தகட்டைத் தள்ளும், தகடு ஸ்விட்சைத் திறக்கும். நாப்பைத் திருகும்போது நாம் செய்வது, எவ்வளவு தள்ளினால் திறக்க வேண்டும் என்று சொல்வதுதான்.

அந்தக் குழாயில் முடி அளவு விரிசல் விழுந்து திரவம் கசிந்துவிட்டால் தள்ளுவதற்கு ஆள் இல்லை. பல மாடல்களில் ஸ்விட்ச் மூடியபடியே நின்றுவிடும். வேளச்சேரி வீட்டில் அதுதான் நடந்திருந்தது. காரணம் பிறகு தெரிந்தது. தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது ஓவனுக்குள் ஸ்டீல் ஸ்க்ரப்பரை விட்டு அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள். குச்சி கிளிப்பிலிருந்து பிடுங்கி, குழாய் மடங்கியிருக்கிறது. மடங்கியதை நிமிர்த்திவிட்டு அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

சர்க்கரை சொல்லும் சாட்சி

லைட்டை மட்டும் நம்பி எதையும் கழற்ற வேண்டாம். அன்று இரவே அந்த வீட்டில் ஒரு சோதனை செய்தார்கள். வீட்டுச் சர்க்கரை சுமார் 186 டிகிரி செல்சியஸில் உருகும். அலுமினியம் ஃபாயிலில் ஒரு ஸ்பூன் சர்க்கரையை வைத்து, ஓவனை 160-ல் சூடாக்கி, கால் மணி நேரம் உள்ளே விட்டார்கள். வெள்ளையாகவே இருந்திருக்க வேண்டும். உருகிப் பழுப்பாகி, பாகு வாசனை வீடு முழுக்க வந்தது. பையனுக்கு மட்டும் சந்தோஷம்.

இது தோராயமான சோதனைதான். சரியான கணக்குக்கு ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்க வேண்டும். நடுத்தட்டில், நடுவில் வைக்க வேண்டும். கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாகவே பார்க்க வேண்டும். ஒரே ஒரு முறை பார்த்து முடிவுக்கு வரக் கூடாது. நல்ல ஓவனிலும் சூடு ஒரே இடத்தில் நிற்காது. 180-ல் வைத்தால் பத்து, பதினைந்து டிகிரி மேலும் கீழும் ஏறி இறங்கும். அரை மணி நேரம் கழித்து, விளக்கு அணையும்போது ஒரு முறை, எரியும்போது ஒரு முறை என்று குறித்துக்கொண்டு நடு அளவைப் பாருங்கள். இந்த வீட்டில் குறிக்கவே வாய்ப்பு இல்லை. 180-ல் வைத்தது அரை மணியில் 230-ஐத் தொட்டது, 250-ஐ நெருங்கும்போது மருமகள் பயந்து ஸ்விட்சை அணைத்தார்.

கேக் கெட்டால் எல்லாவற்றுக்கும் தெர்மோஸ்டாட்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. ஃபேன் ஓடும் மோடில் வைத்துவிட்டு, ஃபேன் இல்லாத ஓவனுக்கு எழுதிய குறிப்பைப் பின்பற்றினால் கருகும். ஃபேன் மோடில் 20 டிகிரி குறைத்து வைப்பது வழக்கம். கதவு ரப்பர் கிழிந்திருந்தால் முன்பக்கம் வேகாது. அடி ஹீட்டர் போயிருந்தால் மேல் மட்டும் சிவக்கும். ஓவன் முழுக்கச் செத்துப்போயிருந்தால், அளவுக்கு மீறிய சூட்டில் கரன்ட்டைத் துண்டிக்கும் தெர்மல் கட்-அவுட் விழுந்திருக்கலாம். அது விழுந்ததற்கு, கேபினெட்டுக்குள் காற்று வீசும் கூலிங் ஃபேன் நின்றுபோனது காரணமாக இருக்கலாம். கட்-அவுட்டை மட்டும் மாற்றிவிட்டு ஃபேனைப் பார்க்காமல் போகிற மெக்கானிக்கை அடுத்த மாதமும் கூப்பிட வேண்டியிருக்கும்.

"டைரக்ட் பண்ணிடலாம்க்கா"

முதலில் கம்பெனி சர்வீஸுக்குப் போன் செய்தார்கள். மாடல் நம்பரைக் கேட்டுவிட்டு, "அது நிறுத்தி ரொம்ப நாளாச்சு மேடம், பார்ட் வராது. புதுசு வாங்கிடுங்க" என்று பதில் வந்தது. புதுசு வாங்குவது ஓவன் விலையோடு முடிகிற காரியமில்லை. பில்ட்-இன் ஓவன்கள் பெரும்பாலும் 60 சென்டிமீட்டர் அகலக் கணக்கில் வந்தாலும் கேபினெட்டில் வெட்டியிருக்கும் துளையின் உயரமும் ஆழமும் பழைய கிச்சன்களில் ஒத்துவருவதில்லை. தச்சரைக் கூப்பிட வேண்டும். டிசம்பர் முதல் வாரம். கையில் பதினோரு பிளம் கேக் ஆர்டர். பழங்கள் ஊறிக்கொண்டிருந்தன.

இரண்டாவதாக வந்த லோக்கல் மெக்கானிக் பத்தே நிமிடத்தில் வழி சொன்னார். "தெர்மோஸ்டாட்தான் போச்சு. அது கிடைக்கற வரைக்கும் டைரக்ட் பண்ணிடலாம்க்கா. நீங்க பார்த்துப் பார்த்து ஆஃப் பண்ணிக்கோங்க."

இதைக் கேட்டால் அவருக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவிட வேண்டியதுதான். டைரக்ட் என்றால் தெர்மோஸ்டாட்டை விலக்கிவிட்டு ஹீட்டருக்கு நேராகக் கரன்ட் கொடுப்பது. சுற்றி இருப்பது பிளைவுட் கேபினெட். ஒரு போன் கால் வந்து பத்து நிமிடம் மறந்தால் மிச்சம் இருக்கும் ஒரே காவல் அந்தக் கட்-அவுட். அதையும் சிலர் 'அடிக்கடி விழுது' என்று டைரக்ட் செய்துவிடுவதுண்டு. மிக்ஸியில் ஸ்விட்ச் போனால் டைரக்ட் செய்வதே தப்பு. ஓவனில் செய்வது வீட்டைப் பணயம் வைப்பது.

மருமகள் மறுத்துவிட்டார். சனிக்கிழமை கணவர் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தார். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் மல்டிமீட்டர் வேறு வாங்கி வந்திருந்தார். மெயின் போர்டில் 'கிச்சன்' என்று எழுதியிருந்த எம்.சி.பி.-யை அணைத்தார். சமையலறை விளக்கும் மிக்ஸி பாயின்ட்டும் அணைந்தன. சரி என்று ஓவனின் பக்கவாட்டு ஸ்க்ரூவில் கை வைக்கும் நேரத்தில் மாமியார் சொன்னார். "தம்பி, மணி காட்டுதே?"

ஓவனின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஓவனுக்குத் தனி லைன். அது 'ஏ.சி. 2' என்று எழுதிய எம்.சி.பி.-யில் இருந்தது. இரண்டாவது ஏ.சி. அந்த வீட்டில் கிடையவே கிடையாது. யாரோ எப்போதோ எழுதியது.

3000 வாட் ஓவன் 230 வோல்ட்டில் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். அதனால்தான் தனி லைன், 16 ஆம்பியர் பிளக். பிளக் ஓவனுக்குப் பின்னால் மறைந்திருப்பதால் எம்.சி.பி.-யை மட்டும் நம்பி வேலை செய்கிறார்கள். ஒற்றை எம்.சி.பி. ஒரு கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். பழைய வயரிங்கில் பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், அணைத்த பிறகும் உள்ளே உயிர் இருக்கும். எனவே எம்.சி.பி.-யை அணைத்து, ஓவனை முன்னால் இழுத்து, பிளக்கைக் கையால் பிடுங்கிக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். பிளக் இல்லாமல் நேராக வயர் இணைத்திருந்தால் அது எலெக்ட்ரீஷியன் வேலை, வீட்டுக்காரர் வேலை அல்ல.

கணவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். குடியிருப்புக்கு வழக்கமாக வரும் எலெக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார்.

எலெக்ட்ரீஷியன் மறுநாள் வந்தார், ஐம்பது வயதுக்காரர். முதலில் செய்தது கதவைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தது. "சில சமயம் குச்சி கிளிப்பை விட்டு நழுவிப் பின்னாடி போயிருக்கும்ண்ணே. அப்ப அதுக்குச் சூடு தெரியாது, ஓவன் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். மறுபடி மாட்டினா போதும், காசே செலவில்லை." இங்கே குச்சி கிளிப்பில்தான் இருந்தது. ஆனால் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் மடிப்புத் தழும்பு.

முன் ஓரத்தில் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்க்ரூக்களைக் கழற்றி, இரண்டு பேர் பிடித்து ஓவனை வெளியே எடுத்து, அதே உயரத்தில் போட்ட ஸ்டூல்கள் மேல் வைத்தார்கள். இது 30, 40 கிலோ இருக்கும். ஒருவராக இழுத்தால் காலில் விழும், இல்லை பின்னால் வயரைப் பிடுங்கும். பிளக் வெளியே வந்தது. மேல் தகட்டைக் கழற்றியதும் கண்ணாடிப் பஞ்சு மாதிரி வெப்பத்தடுப்பு தெரிந்தது. அதில் கை பட்டால் அரிக்கும், கையுறையும் முகத்துணியும் நல்லது. நாப்பை இழுத்து எடுத்தால் அதற்கு அடியில் இரண்டு ஸ்க்ரூ. அவைதான் தெர்மோஸ்டாட்டைப் பிடித்திருப்பவை.

வயரைத் தொடும் முன் அவர் கணவரிடம், "அண்ணே, உங்க போன்ல நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கோங்க" என்றார். முப்பது வருட அனுபவக்காரர். அவருக்கே போட்டோ வேண்டியிருக்கிறது. எந்த வயர் எந்த டெர்மினல் என்பதை நினைவில் வைப்பதாகச் சொல்கிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

கழற்றிய தெர்மோஸ்டாட்டின் உடம்பில் நம்பர் பொறித்திருந்தது. இங்கேதான் சர்வீஸ் சென்டர் சொன்னதற்கு மறுபக்கம். ஓவன் கம்பெனிகளில் பல, தெர்மோஸ்டாட்டைத் தாங்களே செய்வதில்லை. ஜெர்மனியின் ஈ.ஜி.ஓ. போன்ற நிறுவனங்களிடம் வாங்கிப் பொருத்துகின்றன. ஓவன் மாடல் நின்றுபோனாலும் உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட், அல்லது அதற்கு ஈடானது, உதிரிபாகக் கடைகளில் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஓவன் பெயரைச் சொல்லித் தேடாமல் அந்த நம்பரைச் சொல்லித் தேடுங்கள். ஈடானது வாங்கினால் உச்ச டிகிரி ஒன்றாக இருக்க வேண்டும். 250 டிகிரி நாப்புக்கு 300 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டால் நாப்பில் எழுதியிருக்கும் எண் எல்லாமே பொய்யாகிவிடும். குழாயின் நீளம், டெர்மினல்களின் எண்ணிக்கை, நாப் உட்காரும் தண்டின் வடிவம் ஆகியவையும் ஒத்துப்போக வேண்டும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது உத்தமம்.

கணவர் போய்த் தேடி வாங்கி வர இரண்டு நாள் ஆனது. விலை, புது ஓவன் விலையில் ஒரு சிறு துண்டு.

பொருத்துவதற்கு முன் எலெக்ட்ரீஷியன் ஒரு வேடிக்கை காட்டினார். பழைய தெர்மோஸ்டாட்டின் இரண்டு டெர்மினல்களில் மல்டிமீட்டரை வைத்து, நாப்பை 60-க்குத் திருப்பினார். 'பீப்' என்று சத்தம், இணைப்பு மூடியிருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீர் டம்ளரில் குச்சியை முக்கினார். 60-ல் வைத்தது, தண்ணீரோ 100 டிகிரிக்குப் பக்கத்தில். சத்தம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. புதியதை முக்கினார். சில நொடிகளில் 'டிக்', சத்தம் நின்றது. மாமியார் ஸ்டூலை விட்டு எழுந்து வந்து பார்த்தார். "இவ்வளவுதானா? இதுக்காடா பத்தாயிரம் இருபதாயிரம்னு பேசினீங்க?"

மீட்டரைக் கையில் வைத்திருந்ததால் ஹீட்டரையும் பார்த்தார். 2000 வாட் ஹீட்டர் என்றால் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். காட்டியது.

பொருத்துவதில் கவனம் முழுக்க அந்தக் குழாய் மேல்தான். மிச்ச நீளத்தைப் பெரிய வளையமாகச் சுற்றி வைக்க வேண்டும். கூர்மையாக மடக்கினால் புதியதும் அன்றைக்கே போகும். உலோகக் குழாய் எந்த டெர்மினலையும் தொடக் கூடாது, ஹீட்டர் முனைகளுக்குப் பக்கத்தில் உறை போட வேண்டும். குச்சி இரண்டு கிளிப்பிலும் உட்கார்ந்து, சுவரைத் தொடாமல் நிற்க வேண்டும். சுவரைத் தொட்டால் அது காற்றின் சூட்டைச் சொல்லாமல் தகட்டின் சூட்டைச் சொல்லும். வயர்களைப் போட்டோ பார்த்து மாட்டினார். பச்சை-மஞ்சள் எர்த் வயர் இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். பிளக்கின் எர்த் முனைக்கும் ஓவன் உடம்புக்கும் இடையில் மீட்டர் 'பீப்' என்றது. அது வராமல் கரன்ட் கொடுக்கக் கூடாது.

டிஜிட்டல் பேனல் வைத்த புதிய ஓவன்களில் இந்தக் குழாய் வேலை பெரும்பாலும் இல்லை. அங்கே உள்ளே இருப்பது சென்ஸார். பி.டி. 1000 வகை என்றால் 0 டிகிரியில் 1000 ஓம், நம் ஊர் அறைச் சூட்டில் சுமார் 1100 ஓம் காட்டும். மீட்டரில் ஒன்றுமே காட்டாவிட்டால் சென்ஸாரை மாற்ற வேண்டும். சரியாகக் காட்டினால் சந்தேகம் போர்டுக்குப் போகும். 'போர்டு போச்சு' என்று எடுத்த எடுப்பில் சொல்கிறவரிடம், சென்ஸாரை அளந்தீர்களா என்று ஒரு கேள்வி கேளுங்கள். வாரன்டிக் காலத்தில் இருக்கும் ஓவனை வெளியாள் யாரையும் தொட விடாதீர்கள். வாரன்டி இருந்தும் சர்வீஸ் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வேளச்சேரி ஓவனைக் கேபினெட்டுக்குள் தள்ளும் முன், வெளியிலேயே வைத்து ஒரு முறை ஓட்டிப் பார்த்தார்கள். ஆரஞ்சு லைட் எரிந்தது. யாரும் பேசவில்லை. பதினான்காவது நிமிடம் அணைந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி எரிந்தது. அரை மணி கழித்து தெர்மாமீட்டரில் 172-க்கும் 190-க்கும் நடுவே முள் ஆடியது. மருமகள் அதை ஒரு சீட்டில் எழுதி கேபினெட் கதவின் உள்பக்கம் ஒட்டினார். மெயின் போர்டில் 'ஏ.சி. 2' என்பதை அடித்துவிட்டு 'ஓவன்' என்று கணவர் எழுதினார்.

பழைய தெர்மோஸ்டாட்டைப் பையன் கேட்டான், உள்ளே என்ன திரவம் என்று வெட்டிப் பார்க்க வேண்டுமாம். எலெக்ட்ரீஷியன் கொடுக்கவில்லை. என்ன திரவம் என்பது மாடலுக்கு மாடல் மாறும், வெட்டக் கூடாது என்று சொல்லித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே முதல் பிளம் கேக் உள்ளே போனது. மாமியார் ஸ்டூலைச் சரியாக ஓவனுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்.